ஃபியூஸ் கயிறு

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததும் என் தொப்பி போய்விட்டது. வெயிலுக்கென்று ஈப்போவில் வாங்கி வந்த தொப்பி. ஆடி மாதத்துக் காற்று அதைப் பிடுங்கி வாழைப்பழ வண்டிமேல் போட்டது. நான் கை நீட்டுவதற்குள் மறுபடி தூக்கி, உறையூர் போகிற டவுன் பஸ்ஸின் கூரையில் ஏற்றிவிட்டது. பஸ்ஸும் கிளம்பிவிட்டது. "விடுங்க சார், உங்களுக்கு முன்னாடி அது ஊரைச் சுத்திப் பாத்துட்டு வந்துரும்" என்றார் பழக்காரர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஊர் பார்க்க வந்தவன் இல்லை. என் தங்கையை அவள் புருஷனிடமிருந்து பிரித்து அழைத்துப்போக வந்தவன்.

வசந்தாவும் நானும் மலேசியாவில் பிறந்தவர்கள். சொந்த ஊர் உறவு விட்டுப்போகக் கூடாதென்று அப்பா அவளை ஸ்ரீரங்கத்தில் கொடுத்தார். மாப்பிள்ளை நடராஜன் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். கல்யாணத்துக்கு ஈப்போ வந்திருந்தபோது, நான் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த நாட்களில் எடுத்த படங்களைக் காட்டினேன். எல்லாம் கிளைடர் படங்கள். அலுமினியக் குழாய்களில் துணியை இழுத்துக் கட்டிய பெரிய சிறகு, அதற்குக் கீழே குப்புறத் தொங்கும் மனிதன். மலை இருக்கிற ஊரில் உச்சியிலிருந்து ஓடிக் குதித்துப் பறக்கலாம். மலை இல்லாத ஊரில், இன்ஜின் வைத்த சின்ன விமானம் ஒன்று முன்னால் பறந்து, கயிற்றில் இழுத்துக்கொண்டுபோய் மேலே விட வேண்டும். நடராஜன் அந்தப் படங்களை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஊர் திரும்பிச் சில வருஷங்களில் தானே ஒரு கிளைடர் செய்துவிட்டார்.

போன ஆடிப் பெருக்கு அன்று அதோடு விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார்: "என் கைத்தப்பு." வருஷம் திரும்புவதற்குள் அவரே டிரங்க்கால் போட்டு அப்பாவிடம் பேசினார். வசந்தாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், என்னை என் அக்கா பார்த்துக்கொள்வாள் என்றார். அப்பா சரி என்றார். அதுகூடப் பரவாயில்லை. வசந்தாவும் சரி என்றுவிட்டாள். 

எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. நடராஜன் சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கே நூல் பிடித்து அளக்கிற ஆள். கைத்தப்பு செய்கிற கையா அது? சிறகில்தான் எங்கோ கோளாறு இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பழி அவர்மேல் இல்லை. பழி இல்லையென்றால் இவள் எதற்காகப் பிரிய வேண்டும்? இந்த எண்ணத்தோடு வந்திருந்தேன். பெட்டியில் துணிகளுக்கு அடியில் என் ஹெல்மெட் இருந்தது.

ஸ்ரீரங்கம் போகும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் வழியாக மணல் வந்து முகத்தில் அடித்தது. ஆறு முழுக்க மணல்தான். ஓரமாக ஒரு கால்வாய் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் ஆந்திராவிலிருந்து வந்த யாத்திரைக் குடும்பம். ஈப்போவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தெலுங்குக்காரர்கள் என்பதால் அவர்கள் பேசுவது எனக்குப் புரிந்தது. "காவிரி எங்கே அம்மா?" என்று பெரியவர் மகளைக் கேட்டார். "இதுதான் நாயனா." "தண்ணீர் எங்கே?" "வருமாம். திறந்துவிட்டிருக்கிறார்களாம்." பெரியவர் கொஞ்ச நேரம் மணலைப் பார்த்துவிட்டு, தெரிந்தவர் வீட்டுச் சாவுக்கு வந்தவர்போலக் கும்பிட்டார்.

அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் வீடு. நடராஜனின் கட்டில் ஜன்னலோரமாக இருந்தது. படுத்தபடியே பார்த்தால், கட்டிக்கொண்டிருந்த ராஜகோபுரம் சாரக்கட்டோடு தெரியும். "தினம் ஒரு கல்லாவது ஏறுதான்னு பாத்துக்கிட்டிருக்கேன் மச்சான்" என்றார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

வசந்தா எனக்கு இலை போட்டு வத்தக்குழம்பும் அப்பளமும் பரிமாறினாள். அவருக்குத் தட்டில் பிசைந்து கொண்டுபோய் ஸ்டூலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தாள். குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, புண் வராமல் பவுடர் போடுவது எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். பேச்சு மட்டும் கிடையாது. நான் வந்ததும் இருவருக்கும் வசதியாகப் போயிற்று. "மாத்திரை போட்டாச்சான்னு கேளுண்ணே" என்பாள் இவள். "போட்டாச்சுன்னு சொல்லுங்க மச்சான்" என்பார் அவர். நான்கடி தூரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை பார்த்தேன்.

மறுநாள் காற்றில் தெருக்கம்பிகள் ஒன்றோடொன்று உரசி வீட்டில் மின்சாரம் போய்விட்டது. நடராஜனுக்கு மேலே மின்விசிறி நின்றது. அவருக்கு வியர்த்தால் முதுகில் புண் வந்துவிடும். வசந்தா ஸ்டூல்மேல் ஏறி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு இழைக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து இழைகளை முறுக்கிக் கட்டியிருந்தாள்.

"என்னம்மா இது, வீட்டைக் கொளுத்தப் போறியா? ஃபியூஸ் போகணும்னுதானே ஒத்தைக் கம்பி போடறது."

"அது அடிக்கடி போகுதுண்ணே. இப்படிக் கட்டினா நிக்குது. தெருவுல எல்லார் வீட்டுலயும் இப்படித்தான்."

"இதை மாப்ள பாக்கலையா?"

"அவருக்கு என்ன, மேல பாத்துக்கிட்டுப் படுத்திருக்காரு" என்றாள். 

அன்று மத்தியானம் மேலப்புதூருக்குப் போய் அந்தோணியைப் பார்த்தேன். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர், நடராஜனின் கிளைடரை இழுத்துப் பறந்தவர். எந்நேரமும் வாயில் உறையூர்ச் சுருட்டு. மாதாகோவில் மணியோசை கேட்கும் தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள், வெளிநாட்டிலிருந்து பகுதி பகுதியாக வரவழைத்துத் தானே பூட்டிய ஒற்றை ஆள் விமானம் நின்றது. மூன்று சக்கரம், ஒரு சீட், மேலே துணிச் சிறகு, ஆளுக்குப் பின்னால் இன்ஜினும் காற்றாடியும். இழுக்கிற வேலை செய்வதால் அதை 'டிராக்டர்' என்பார். சீட்டுக்குப் பக்கத்தில் புனித அந்தோணியார் பதக்கத்தைக் கம்பியால் கட்டியிருந்தார்.

"வாத்தியாரைப் பத்தி ஊருல என்னென்னமோ பேசறாங்க சார். பொண்டாட்டியைத் தவிக்க விட்டுட்டு ஆகாசத்துல வெளையாடப் போனவன்னு டீக்கடையில பேசறான். எனக்கு மனசு கேக்கல. விழுந்ததை எல்லாம் பொறுக்கி, ஒடஞ்ச குழாயை மாத்தி, கிளைடரைப் பழையபடி பண்ணி வச்சிருக்கேன். யாரு பறக்கப் போறா, சும்மாதான்."

கொட்டகையின் உத்தரத்தில் அது சுருட்டியபடி தொங்கியது. இறக்கி விரித்துப் பார்த்தேன். நான் பறந்து பழகிய சிறகு இறுக்கமான துணி, குறுகலான உடல். தோளை அசைத்தால் திரும்பும். இது பழைய மாதிரி. அகலம் அதிகம், துணி தொளதொளவென்று இருந்தது. பிடித்துக்கொள்ளும் குறுக்குக் குழாய் நான் எட்டிப் பிடிக்க வேண்டிய தள்ளலில் இருந்தது. முழு உடம்பையும் இழுத்துப் போட்டால்தான் அசையும்போல. ஆனால் கோளாறு? ஒவ்வொரு போல்ட்டாகத் திருகிப் பார்த்தேன். தையலை விரலால் தடவினேன். கம்பிகளை மீட்டினேன். விரிசல் விட்ட பழைய குழாய்களையும் அந்தோணி வைத்திருந்தார். அவை தரையில் மோதி உடைந்தவை, வானத்தில் உடைந்தவை அல்ல. இவ்வளவு ஒழுங்காகக் கையால் செய்த ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்த ஒழுங்கே என்னை வேதனைப்படுத்தியது. குறை இருந்திருக்கக் கூடாதா?

திரும்பும் வழியில் மலைக்கோட்டை ஏறினேன். எங்கள் ஈப்போவிலும் பாறைக்குள் கோவில்கள் உண்டு. சீனர் கோவில்கள், உள்ளே ஆமைக் குளம், ஊதுவத்திப் புகை. அங்கே பாறை குளிரும். இங்கே காலைப் பொசுக்கியது. உச்சியில் நிற்க முடியாத காற்று. ஒரு பெண் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே பயந்தாள். வடக்கே, கொள்ளிடத்துக்கு அப்பால் வெளிறிய பொட்டலில் செம்மண் புழுதி சுவர்போல எழுந்து நகர்ந்தது. அங்கேதான் நடராஜன் பறந்தார். விரித்துப் பார்த்ததில் தெரியாததைப் பறந்துதான் பார்க்க வேண்டும் என்று அங்கே நின்று முடிவு செய்தேன். தைரியம் ஒன்றும் இல்லை. வேறு வழி தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் ஒரு டம்ளர் காபி குடித்தேன். ஈப்போ காபி கறுப்பாக, வெண்ணெயில் வறுத்த வாசனையோடு இருக்கும். குடித்தால் தூக்கம் போகும். திருச்சிக் காபி குடித்தால் சோகம் போகும் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். எனக்குப் போகவில்லை.

நடராஜனிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது.

"வேணாம் மச்சான். காத்து மோசம். கிளைடர்ல ஒண்ணும் இல்ல. நான்தான் சொல்றேனே, என் கைத்தப்பு."

"அதை நான் பறந்து பாத்துட்டு ஒத்துக்கறேன், மாப்ள."

 அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பறக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா ஒண்ணு செய்யுங்க. ஃபியூஸ் கயித்தை நீங்களே உங்க கையால கட்டுங்க. கட்டினதுக்கு அப்புறம் யாரையும் கிட்ட விடாதீங்க. அப்புறம்... வசந்தா அங்க வர வேணாம்."

ஃபியூஸ் கயிறு என்று பெயர் வைத்தது அவர்தான். இழுக்கும் நீளக் கயிற்றை டிராக்டரின் வாலில் நேராகக் கட்ட மாட்டோம். நடுவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கயிறு போடுவோம். இழுப்பு அளவுக்கு மீறினால் அது அறுந்துவிடும், பின்னால் வருகிறவன் பிழைப்பான். அறுவதற்காகவே கட்டுகிற கயிறு. நான் இதைப் பல வருஷமாகக் கட்டுகிறவன். எனக்கே பாடம் நடத்துகிறாரே என்று நினைத்தேன். வசந்தா வர வேண்டாம் என்றது, மறுபடி ஒரு விழுதலை அவள் பார்க்கக் கூடாது என்பதற்காக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆடிப் பெருக்கு அன்று விடிந்ததும் அம்மா மண்டபத்துக்குப் போகும் கூட்டத்தில் சாலையே தெரியவில்லை. புதுப்பெண்கள், முளைப்பாரித் தட்டுகள், காதோலை கருகமணி விற்பவர்கள். பெருக்கே இல்லாத பெருக்கு. படித்துறைக்குக் கீழே ஓடிய கொஞ்சம் தண்ணீரில் அத்தனை பேரும் பூவும் மஞ்சளும் கரைத்துக்கொண்டிருந்தார்கள். வசந்தா குளித்துத் தாலிச்சரடு மாற்றக் கிளம்பிப் போனதும், நான் ஹெல்மெட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு நழுவினேன்.

அந்தோணி டெம்போவின் மேல் கிளைடரைக் கட்டி, பின்னால் டிராக்டரைக் கோத்துக் கொண்டுவந்திருந்தார். முன்னாலும் பின்னாலும் குழாய்கள் ஆளுயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. கொள்ளிடப் பாலத்தில் எதிரே வந்த பஸ் டிரைவர், "என்னய்யா, தேர்க்காலா?" என்று கத்தினார். பாலம் தாண்டியதும் டயர் பஞ்சர். மாற்று டயரில் காற்று இல்லை. இத்தனை காற்று அடிக்கிற ஊரில் டயருக்குக் காற்று இல்லையே என்று அந்தோணி வைதுகொண்டே பம்பு அடித்தார். இதற்குள் காற்று இன்னும் வலுத்துவிட்டது.

சமயபுரம் தாண்டிப் பொட்டலில் சிறகைப் பூட்டினோம். பிடிக்கக் கூப்பிட்ட ஆடு மேய்ப்பவர் இருவரும் அதோடு சேர்ந்து தள்ளாடினார்கள். ஃபியூஸ் கயிற்றை டிராக்டரின் வால் குழாயில் நானே முடிந்தேன். இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிறகு பெருங்கயிற்றின் மறுமுனைக்கு நடந்து வந்து, சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் கிளைடரை ஏற்றி, அதற்குள் குப்புறப் படுத்துப் பட்டைகளை மாட்டிக்கொண்டேன். இந்தக் காற்றில் பறக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு நாளில் ரயில். அதற்குப் பிறகு பறந்து யாருக்கு என்ன லாபம்?

அப்போது பஸ் நின்ற திசையிலிருந்து வசந்தா வருவது தெரிந்தது. ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கையில் பூக்கூடை. புடவையைக் காற்று ஒரு பக்கமாக இழுக்க, சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள்.

"என்கிட்ட சொல்லாம வந்துட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அந்தோணி சார் வீட்டுல விசாரிச்சேன். நீயும் அவரு மாதிரியே!" கண்ணில் தண்ணீர். என் வாயில் காப்பரிசி போட்டாள். மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டினாள். "போன வருஷம் அவருக்கும் கட்டினேன். அதான் உயிரையாவது விட்டு வச்சுது."

"நீ போய்த் தூரமா நில்லும்மா" என்றேன்.

அவள் போகிற வழியில் டிராக்டரின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அந்தோணி இன்ஜினைப் போடாமல் காத்திருந்து தொப்பியைக் கழற்றினார். முன்புறம் குங்குமம் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து வால் குழாயருகே குனிந்தாள். பெருங்கயிற்றின் நீளத்துக்கு அப்பால் அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பின்னாலும் குங்குமம் வைக்கிறாள் என்று நினைத்தேன்.

கயிறு விறைத்தது. தள்ளுவண்டி புழுதியில் ஓடிக் கீழே கழன்றது. மேலே வந்தாயிற்று. முதல் சில நொடிகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நடராஜனின் சிறகு கனமாக, பொறுமையாக ஏறியது. நல்ல சிறகு என்று நினைத்தேன். அந்த நினைப்பே எனக்குத் துக்கமாக இருந்தது.

பிறகு காற்று பக்கவாட்டில் அடித்தது. சிறகு இடப்பக்கம் சாய்ந்தது. உடம்பை வலப்பக்கம் தள்ளினேன். என் கிளைடராக இருந்தால் திரும்பியிருக்கும். இது யோசித்தது. அதற்குள் டிராக்டர் வலப்பக்கம் போய்விட, கயிறு குறுக்கே இழுக்க ஆரம்பித்தது. இப்படி மாட்டிக்கொண்டால் இழுக்க இழுக்கச் சாய்வு கூடிக்கொண்டே போகும். மனித பலத்தால் திருப்ப முடியாது. இந்த நொடிக்காகத்தான் ஃபியூஸ் கயிறு. இதோ அறும் என்று காத்திருந்தேன். குழாய்கள் முனகின. இதோ, இதோ. அறவில்லை. அடிவானம் செங்குத்தாக நின்றது. கயிற்றை விடுவிக்கும் பிடி சைக்கிள் பிரேக் மாதிரி தோளருகே இருந்தது. அதை எட்டக் குழாயிலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டும், எடுத்தால் சிறகு முழுக்கக் கவிழும். எடுத்தேன். அழுத்தினேன். இழுப்பின் கனத்தில் கொக்கி நகரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து உடம்பையே போட்டு இழுத்தேன். விட்டது.

ஒரு சோளக்கொல்லையில் விழுந்தேன். காப்பாற்றியது என் திறமை இல்லை. ஈரமான பாத்தி, வளர்ந்த பயிர். இடது தோள் எலும்பு போய்விட்டது என்று உடனே தெரிந்தது. மூச்சு இருந்தது, கால் அசைந்தது. கால் விரல்களை ஷூவுக்குள் அசைத்துப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

அந்தோணி இறங்கி நிறுத்தியிருந்தார். நான் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக டிராக்டரின் வாலுக்குப் போனேன். என் ஃபியூஸ் கயிறு அங்கே இருந்தது. அதன்மேல் தாலிக்குப் போடுகிற கெட்டியான மஞ்சள் சரடு, ஈரம் காயாமல், முனையிலிருந்து முனைவரை இறுக்கிச் சுற்றி முடிச்சுமேல் முடிச்சாகப் போடப்பட்டிருந்தது. ஒரு மாட்டையே கட்டி இழுத்திருக்கலாம்.

"பாத்தீங்களா சார், வசந்தாம்மா கட்டினது எப்படி நிக்குதுன்னு!" என்றார் அந்தோணி. "சாமிக் கயிறுதானேன்னு விட்டேன். போன வருஷமும் அவங்கதான் கட்டினாங்க."

 வசந்தா மூச்சிரைக்க ஓடி வந்து என் முகத்தைத் தடவினாள், காலைத் தடவினாள்.

"காலு இருக்குல்ல? அசைக்கிறல்ல? போதும்ண்ணே, போதும்!" பிறகு வால் குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "போன வருஷம் இது பட்டுப் பட்டுன்னு அறுந்துக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் பாதியிலயே எறங்கி வந்தாரு. ஆடி மாசத்துல கயிறு அறுந்தா ஒரு பொம்பளைக்கு நல்லதாண்ணே? அதான் ஆத்துல வச்சுக் கும்பிட்ட சரடைச் சுத்தினேன். நான் கட்டினது அன்னிக்கும் அறுபடல, இன்னிக்கும் அறுபடல. நீ கையை ஒழுங்கா வச்சிருந்த, வந்துட்ட. அவரு விட்டுட்டாரு."

அந்தோணி டெம்போவைக் கொண்டுவரப் போனபோது, பேனாக்கத்தியால் அந்தச் சரடை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஒற்றைக் கையால் அறுக்க வெகுநேரம் பிடித்தது.

தோளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வசந்தா ஒத்தடம் கொடுக்கச் சமையலறையில் வெந்நீர் வைத்தாள். நான் கட்டிலருகே உட்கார்ந்து சரடை எடுத்து நடராஜனின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. விரல்களை மட்டும் மூடிக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் அந்தோணிகிட்ட கயித்தைக் கொண்டு வரச் சொல்லிப் பாத்தேன்." குரல் அடங்கி வந்தது. "உங்களுக்கு நேரா சொல்லியிருக்கணும் மச்சான். நாக்கு வரல. சொன்னா அது வீட்டுக்குள்ள வந்துரும். உங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா..." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கீழ்ப்பாதி உடம்பு அசையாமல் கிடந்தது.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"அவ உங்களைக் குத்தவாளின்னு நெனச்சுப் போறா மாப்ள. இதைச் சொன்னா போக மாட்டா. உங்க பக்கத்துலயே இருப்பா."

"இருப்பா. இங்கயே உக்காந்து, என் காலைப் பாத்துப் பாத்துச் செத்துப் போவா. இப்ப என்மேல கோவம். கோவத்தோட போனா, போற இடத்துல நாலு வாய் சாப்பிடுவா. இது தெரிஞ்சா அவளால தண்ணிகூடக் குடிக்க முடியாது." என்னைத் திரும்பிப் பார்த்தார். "என் கைத்தப்பாவே இருக்கட்டும். சத்தியம் பண்ணுங்க."

சமையலறையிலிருந்து வசந்தா குரல் கொடுத்தாள். "வெந்நீர் அவருக்கும் வேணுமான்னு கேளுண்ணே."

நான் கேட்கவில்லை. அவரே, "வேணும்னு சொல்லுங்க மச்சான்" என்றார்.

கிளம்பிய அன்று காலை அவருடைய அக்கா துறையூரிலிருந்து வந்து சேர்ந்தார். வசந்தா அவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள்: எந்தப் பக்கம் புரட்டுவது, எந்த மாத்திரை எப்போது, ஃபியூஸ் போனால் எப்படிக் கட்டுவது. பிறகு வாசலுக்கு வந்தவள் திரும்பிப் போய்க் கட்டிலருகே நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவர் போர்வையைக் கால் பக்கம் இழுத்துச் சரி செய்துவிட்டு வந்துவிட்டாள். அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயில் கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் பெட்டியில் இருந்தவர்கள் ஆற்றுக்குக் காசு போட ஜன்னலுக்கு வந்தார்கள். காசுகள் மணலில் விழுந்தன. வசந்தா காசு போடவில்லை. கட்டுப் போட்ட என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் இருந்த மஞ்சள் நூலை நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

"இதை நீயா அறுத்துடாதேண்ணே. தானா இத்துப் போகணும்."

"சரிம்மா."

பாலம் முடிந்தது. வடக்கே அந்தப் பொட்டல் தெரிந்தது. புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த மனுஷன் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் கையை ஒழுங்கா வச்சிருந்தா எல்லாம் நல்லா இருந்திருக்கும், இல்லண்ணே?"

ஆமாம் என்றேன்.